பெறுமதி

களுவாஞ்சிகுடித் தபாலகத்தில்
பொதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
பச்சை ஒட்டியை உரக்க வாசித்தார் அருட்செல்வம்:
"உலோகத் துண்டு, ஒன்று.
எண்பத்திரண்டு கிராம்.
பெறுமதி ஐந்து."
ஐந்து என்ன காசு என்பதை
மழை நனைத்து அழித்திருந்தது.
"என்ன மிஸ்ஸி, மோட்டார் சாமானா?"
ஓம் என்று கையெழுத்து வைத்தேன்.

ஸ்கூட்டிக் கொழுக்கியில்
வெண்டிக்காயோடும் பாணோடும்
கல்லாறு மட்டும் ஆடிக்கொண்டு வந்தது.

ஒரு பக்கம் விளக்கு.
மறுபக்கம் என் பெயர்,
ஓர் எழுத்துக் குறைய: நேசமல.

எனக்குத் தெரிந்த விளக்கு வேறு.
தொண்ணூறில், பெரியாஸ்பத்திரியில்,
மின்சாரம் இல்லாத பதினோராம் நாள்
டோச் லைட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு
ஒரு பொடியனின் தொடையைத் தைத்தா
எஸ்மி பாத்லட் மிஸ்ஸி.
பயிலுநர் நான், சேலைன் போத்தலைத்
தலைக்கு மேல் தூக்கி நின்றேன்.
அவவுக்கு வந்தது ஓய்வூதியக் கடிதம்.
அதுவும் பிந்தி.

அங்கே, மேற்கு ஆபிரிக்காவில்,
உடுப்புக்குள் போனால் எவருக்கும் முகமில்லை.
நெஞ்சில் மாக்கரால் பெயர்,
அதன் கீழ் உள்ளே போன நேரம்.
என் பெயரை எழுதுகிறவள் கடியாத்து.
நெஸ்மா என்பாள், நாசம் என்பாள்
(அர்த்தம் சொன்னேன், அன்று முழுக்கச் சிரித்தாள்),
அவசர நாளில் வெறும் நெ, 10.40.

ஐம்பது நிமிடம்.
அதற்குமேல் நின்றால்
சப்பாத்துக்குள் என் வியர்வையிலேயே
சளக் சளக்கென்று நடப்பேன்.
வாசலில் அதே கடியாத்து
குளோரின் குழாயோடு நிற்பாள்.
கையை விரி. திரும்பு. காலைத் தூக்கு.
கண்ணாடியைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்று.
ஆறுதலாக, ஆறுதலாக.
ஆறுதலாகக் கழற்றாத இரண்டு பேரை
நாங்கள் இருவரும் அறிவோம்.

நாலு வயதுக்காரி ஒருத்தி
என் விரலைப் பிடித்தபடி போனாள்.
விரலை அல்ல,
இரண்டு கையுறைக்கு அப்பால்
எங்கோ இருந்த ஒன்றை.
என் சூடு அவளுக்குத் தெரியாது.

திரும்பி வந்து இருபத்தொரு நாள்
என் வீட்டுக் கடப்பைத் தாண்டவில்லை எவரும்.
மனிசன் வேலியடியில் சோற்றுப் பார்சலை வைத்து
"மறுகா வாறன்" என்று பின்னுக்கே நடப்பார்.
அடுத்த வளவு யோகராசா மாஸ்டர்
தன் கிணற்றைத் தகரம் போட்டு மூடினார்.
பழி சொல்ல மாட்டேன்.
காலையும் மாலையும்
பயத்தைப் பாகை பாகையாக அளந்து
கொப்பியில் எழுதியவள் நான்.
37.2 வந்த இரவு
மகளின் படத்தைக்கூட
குப்புறத் திருப்பி வைத்தேன்.

சனிக்கிழமை கலாசார மண்டபத்தில் விழா.
பொன்னாடை போர்த்தியது யோகராசா மாஸ்டர்.
"மட்டு மண்ணின் மாணிக்கம்" என்றதும்
மைக் ஊளையிட்டது.
பதக்கம் கைக்குக் கை மாறி
கடைசி வரிசை வரை போனது.
என்னிடம் வந்தபோது சுட்டது.
இரண்டு நிமிடம் பேசச் சொன்னார்கள்.
எஸ்மி மிஸ்ஸியின் பெயர் சொன்னேன்,
கடியாத்துவின் பெயரும்.
அது ஊரின் பெயராக்கும் என்று
நினைத்துக் கைதட்டினார்கள்.

இரவுக் கடமைக்குப் போகுமுன்
படமெடுத்து அனுப்பினேன் அவளுக்கு.
வேலை முடிந்து, உடுப்பும் தண்ணீரும் நின்று,
இப்போது சந்தையில் கருவாடு விற்கிறாள்.
டெங்கு வார்டில் மூன்றாம் கட்டிலின் துளிகளை
எண்ணிக்கொண்டு நிற்கையில்
பதில் வந்தது, குரலாக:
"கடைசி எழுத்து எங்கேயடி?
சுங்கத்தில் எடுத்துவிட்டார்களா?"

திங்கட்கிழமை
அருட்செல்வம் புதிய பச்சை ஒட்டியை நீட்டினார்.
பொருள் என்ற இடத்தில் எழுதினேன்:
உலோகத் துண்டு, ஒன்று.
கறுப்பு மாக்கர், இரண்டு.
"பெறுமதி, மிஸ்ஸி?
வெறுமையாக விட்டால் போகாது."
பேனை என் கையில் நிற்கிறது.
பின்னால்
முதியோர் கொடுப்பனவு வரிசையில்
யாரோ இருமுகிறார்கள்.
பேனையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன்.